தடித்த கம்பி ஏன் முதலில் உடைகிறது?
திருப்பூர்த் தையல் மெஷினிலும் விசைத்தறியிலும் முறுக்கு ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்கும் முறை

இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூரிலிருந்து போகிறது. பெரிய பனியன் கம்பெனியானாலும் சந்துக்குள் இருக்கும் பவர் டேபிள் யூனிட்டானாலும் அங்கே பெரும்பாலும் ஓடுபவை ஓவர்லாக், பிளாட்லாக், சிங்கிள் நீடில் என்ற மூன்று வகை மெஷின்கள்தாம். லைனில் வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கு ஒரு வேலை செய்யும் முறையில் ஒரு மெஷின் நின்றால் அதற்கு அடுத்த மெஷின்களுக்குப் பீஸ் வராது. அப்படி நிற்க வைக்கும் காரணங்களில் சில ரூபாய் மட்டுமே பெறும் ஒரு சுருண்ட கம்பியும் உண்டு.

ஊசி உடைந்தால் ஊசி எண்ணைச் சொல்லிக் கேட்கிறோம். பெல்ட் அறுந்தால் பெல்ட்டின் அளவைச் சொல்கிறோம். ஸ்பிரிங் உடைந்தால் உடைந்த துண்டையே கடைக்கு எடுத்துப் போய், "இதே மாதிரி ஒண்ணு கொடுங்க" என்று கேட்பதுதான் பொதுவான வழக்கம். மெஷின் கம்பெனியின் பாகப் பட்டியலில் எண் இருக்கும் வரை இதனால் பெரிய கேடில்லை. எண் இல்லாத பழைய மெஷினுக்கும், உள்ளூர்ப் பட்டறையில் செய்துகொண்ட அட்டாச்மென்டுக்கும், நடுவில் மாற்றம் செய்த தறிக்கும் இந்தப் பழக்கம் ஆபத்தானது. காரணம், முறுக்கு ஸ்பிரிங்கின் குணத்தை முடிவு செய்யும் அளவுகள் கண்ணுக்குப் பிடிபடாதவை. அவற்றை எண்ணால்தான் பிடிக்க முடியும். அந்த எண்கள் எவை, எப்படி வருகின்றன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முறுக்கு ஸ்பிரிங் எங்கே இருக்கிறது

அழுத்தினால் குறுகும் ஸ்பிரிங் ஒரு வகை. இழுத்தால் நீளும் ஸ்பிரிங் இன்னொரு வகை. மூன்றாவது வகையில் சுருளின் இரு முனைகளும் கால்களாக நீண்டிருக்கும். ஒரு கால் நிலையாக நிற்க, இன்னொரு கால் தண்டைச் சுற்றித் திரும்பும். திருப்பிய அளவுக்கு எதிர்ப்பு கூடும், விட்டதும் பழைய இடத்துக்குத் திரும்பும். கொடியில் துணி மாட்டும் கிளிப்பில் இருப்பது இதுதான். கடை ஷட்டரை ஒரு கையால் தூக்க முடிவதற்குக் காரணமான ஸ்பிரிங் தட்டைப் பட்டையில் சுற்றியது. வடிவம் வேறானாலும் சுழற்சியைத் தாங்கி நிற்கும் வேலை அதேதான்.

பின்னலாடைத் தொழிலில் இந்த வகைக்குத் தெளிவான உதாரணம் சிங்கிள் நீடில் மெஷினின் செக் ஸ்பிரிங். காலர் பட்டி, லேபிள், பாக்கெட் ஆகியவற்றைத் தைக்கும் இந்த மெஷினில் மேல்நூல் டென்ஷன் தட்டுகளைத் தாண்டி வரும் இடத்தில், அந்தத் தட்டுகளுக்குப் பின்னால் ஒரு மெல்லிய சுருள் இருக்கும். அதன் வெளிக்கால் கொக்கி போல் நூலைப் பிடித்திருக்கும். ஊசி கீழே இறங்கும்போது டேக்-அப் லீவரும் இறங்குவதால் நூல் தொய்கிறது. ஊசியின் கண் துணியைத் தொடும் வரை அந்தத் தொய்வை இழுத்துப் பிடிப்பது செக் ஸ்பிரிங்கின் பொறுப்பு. பிடி தளர்ந்தால் தொய்ந்த நூல் ஊசி வழியில் சிக்கும், தையல் சீராக விழாது. பிடி இறுகினால் நூல் அறும், அல்லது தையல் சுருங்கும். நெய்த துணியை விடப் பின்னல் துணி இழுபடும் தன்மை உள்ளது. அதனால் சுருக்கம் அதில் பளிச்சென்று தெரியும், செக்கிங்கில் பீஸ் திரும்பி வரும்.

எனவே செக் ஸ்பிரிங்கை விசை, வீச்சு என்று இரண்டு விதமாகச் சரிசெய்ய வசதி வைத்திருக்கிறார்கள். கால் எவ்வளவு விசையோடு இழுக்கிறது என்பது ஒன்று, எவ்வளவு தூரம் நகர்கிறது என்பது மற்றது. இந்த இரண்டும் எல்லா முறுக்கு ஸ்பிரிங்குக்கும் பொருந்தும் முதல் இரண்டு கேள்விகள்.

கம்பி முறுக்கேறுவதில்லை, வளைகிறது

முறுக்கு ஸ்பிரிங்கைத் திருப்பும்போது அதன் கம்பிக்கு உள்ளே நடப்பது வளைவு. ஒவ்வொரு சுற்றும் இன்னும் கொஞ்சம் இறுக வளைகிறது. அழுத்து ஸ்பிரிங்கில்தான் கம்பி தன் அச்சைச் சுற்றி முறுக்கேறுகிறது. இந்த வேறுபாட்டால் கணக்கு மாறுகிறது. அழுத்து ஸ்பிரிங்குக்குப் பயன்படுத்தும் வாய்பாட்டை இதற்குப் போட்டால் விடை தவறாக வரும். இங்கே வேண்டியது உலோகத்தின் யங் குணகம். ஸ்பிரிங் எஃகுக் கம்பிக்கு அது சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 2,06,000 நியூட்டன்.

1678-ல் இராபர்ட் ஹூக் வெளியிட்ட விதி இங்கேயும் செல்லும்: திருப்பும் கோணம் இரட்டித்தால் எதிர்ப்பும் இரட்டிக்கும். கம்பியின் தடிமன் மாறினால் என்ன ஆகும் என்பதை ஹூக்கின் விதி மட்டும் சொல்லாது. 1784-ல் பிரெஞ்சுப் பொறியாளர் கூலோம் மெல்லிய கம்பிகளை முறுக்கிச் சோதித்து, எதிர்ப்பு கம்பி விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது என்று காட்டினார். அவர் சோதித்தது நேரான கம்பியின் முறுக்கம். வளையும் கம்பிக்கும் அதே நான்காம் படிதான்.

முறுக்கு ஸ்பிரிங்கின் கணக்கைச் சொல்லால் இப்படி எழுதலாம். கம்பி விட்டத்தின் நான்காம் படியை யங் குணகத்தால் பெருக்க வேண்டும். வந்ததைச் சுருளின் சராசரி விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை, 3667 என்ற மாறிலி ஆகிய மூன்றின் பெருக்கலால் வகுக்க வேண்டும். ஒரு டிகிரிக்கு எத்தனை நியூட்டன் மில்லிமீட்டர் திருப்புவிசை என்ற விடை கிடைக்கும்.

ஒரு லீவரைத் திருப்பி அனுப்பும் சிறிய ஸ்பிரிங்கை எடுத்துக்கொள்வோம். கம்பி 0.5 மி.மீ., சுருளின் சராசரி விட்டம் 6 மி.மீ., சுற்று 5. டிகிரிக்கு 0.117 நியூட்டன் மில்லிமீட்டர் வருகிறது. லீவர் 90 டிகிரி திரும்பினால் 10.5. மற்ற அளவுகளை அப்படியே வைத்துக் கம்பியை மட்டும் 0.6 மி.மீ. ஆக்கினால் டிகிரிக்கு 0.243, அதே 90 டிகிரிக்கு 21.8. கம்பியில் கூடியது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. விசை இரண்டு மடங்குக்கு மேல். உடைந்த துண்டையும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்த ஸ்பிரிங்கையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் இந்த வேறுபாட்டை எந்த மெக்கானிக்கின் கண்ணும் உறுதியாகச் சொல்லாது. மைக்ரோமீட்டர் சொல்லும்.

உடைவின் கணக்கு

விசைக் கணக்கைவிட முக்கியமான கணக்கு ஒன்று இருக்கிறது. ஸ்பிரிங் அடிக்கடி உடைந்தால், "கம்பி மெலிசா இருக்கு, கொஞ்சம் தடிமனா போடுங்க" என்று சொல்வது இயல்பு. சங்கிலியும் கயிறும் தடித்தால் பலமாகும் என்ற அனுபவத்திலிருந்து வரும் யோசனை அது. முறுக்கு ஸ்பிரிங்கில் அது தலைகீழாகிறது.

கம்பியின் மேற்பரப்பில் எழும் அழுத்தத்தைக் கணக்கிட்டால், கோணம் மாறாத இடத்தில் அது கம்பியின் விட்டத்துக்கு நேர்விகிதமாகக் கூடுகிறது. சுருள் விட்டமும் சுற்று எண்ணிக்கையும் கூடினால் குறைகிறது. லீவர் எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதை மெஷின் முடிவு செய்துவிட்டது. அந்தக் கோணத்துக்கு வளைந்தே ஆக வேண்டிய கட்டாயத்தில் தடித்த கம்பியின் வெளிப்புற இழைகள் மெல்லிய கம்பியின் இழைகளைவிட அதிகம் நீள்கின்றன, அதிகம் நெரிபடுகின்றன.

மேலே சொன்ன ஸ்பிரிங்கிலேயே பார்ப்போம். வளைந்த கம்பியின் உள்பக்கத்தில் அழுத்தம் கூடுதலாகக் குவியும். அதற்கான திருத்தத்தையும் சேர்த்தால் 0.5 மி.மீ. கம்பியில் 90 டிகிரியில் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 915 நியூட்டன். 0.6 மி.மீ. கம்பியில் சுமார் 1,110. கம்பியின் இழுவலிமை 2,200 என்று வைத்துக்கொண்டால் முதலாவது அதில் 42 சதவீதம், இரண்டாவது 50 சதவீதம். பத்து லட்சம் தடவை வளைந்து நிமிர வேண்டிய ஸ்பிரிங்குக்கு இழுவலிமையில் சுமார் பாதிதான் உச்சவரம்பு என்பது ஸ்பிரிங் வடிவமைப்பில் வழக்கமான கணக்கு. மெல்லிய கம்பிக்கு இருந்த இடைவெளி தடித்த கம்பிக்கு இல்லை. கம்பி மாற்றியும் ஸ்பிரிங் உடைகிறது, முன்பைவிடச் சீக்கிரமாக உடைகிறது என்ற புகாருக்கு விடை இங்கே இருக்கிறது.

விசையும் வேண்டும், ஆயுளும் வேண்டும் என்றால் கம்பியோடு சுற்றையும் கூட்ட வேண்டும். அதே 0.6 மி.மீ. கம்பியில் 6 சுற்று போட்டால் அழுத்தம் சுமார் 925-க்கு இறங்கிவிடுகிறது. இது பழைய ஸ்பிரிங்குக்கு ஏறத்தாழச் சமம். விசையோ பழையதைவிட 70 சதவீதத்துக்கு மேல் கூடுதல். இதற்கு விலை இடம்தான்: சுருளின் நீளம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கூடும். மெஷினில் அந்த இடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

எத்தனை தடவை

ஸ்பிரிங் வாங்கும்போது பெரும்பாலும் கேட்கப்படாத கேள்வி இது. நிமிடத்துக்கு 5,000 தையல் போடும் சிங்கிள் நீடில் மெஷினை எடுத்துக்கொள்வோம். பீஸ் எடுப்பது, வைப்பது, திருப்புவது, நூல் வெட்டுவது எல்லாம் போக, 8 மணி நேர ஷிஃப்டில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் ஊசி ஓடுகிறது என்று கொள்ளலாம். அப்படியும் ஒரு நாளில் 4,80,000 தையல். ஒவ்வொரு தையலுக்கும் செக் ஸ்பிரிங் ஒரு முறை போய் வருகிறது. பத்து லட்சத்தை அது மூன்றாம் நாளே தாண்டிவிடும். 300 வேலை நாட்களில் 14 கோடிக்கு மேல்.

அதே கட்டிடத்தின் வாசல் ஷட்டர் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கினால் வருடத்துக்கு 730. அந்த ஸ்பிரிங்கில் அழுத்தத்தை வலிமையின் எல்லை அருகே வரை கொண்டுபோகலாம். பட்டையும் மிச்சம், இடமும் மிச்சம். செக் ஸ்பிரிங்கில் அப்படிச் செய்தால் ஒரு வாரம் தாங்காது. அழுத்தத்தை நன்றாகத் தாழ்த்தி, திரும்பத் திரும்ப வளைவதால் வரும் சோர்வுடைவே நேராத எல்லைக்குள் வைப்பதுதான் அதற்கு வழி. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவை பெடல், காலைத் தூக்கும் லீவர், கட்டர் போன்ற நாளுக்குச் சில ஆயிரம் முறை இயங்கும் பாகங்கள். உலோகம் ஒன்றே, வேலையும் ஒன்றே. தேர்வு மூன்றும் வேறு.

தறிக்குள் ஒரு தடி

சோர்வுடைவுக் கணக்கைக் கடைசி எல்லை வரை கொண்டுபோன உதாரணம் நெசவில் இருக்கிறது. பல்லடம், சோமனூர்ப் பகுதிகளில் காலம்காலமாக ஓடிவந்த விசைத்தறியில் ஊடைநூலைக் கொண்டுபோகும் நாடாவை அடித்து அனுப்புவது மரத்தண்டு. நாடாவின் எடை சில நூறு கிராம். ருடால்ஃப் ரோஸ்மன் என்ற கண்டுபிடிப்பாளரின் யோசனையை ஸ்விட்சர்லாந்தின் வின்டர்தூரில் இருந்த சுல்சர் நிறுவனம் எடுத்து வளர்த்து, 1950-களில் சந்தைக்குக் கொண்டுவந்த தறியில் நாடாவே இல்லை. சுமார் 40 கிராம் எடையுள்ள ஒரு சிறிய எஃகுத் துண்டு ஊடைநூலைக் கவ்விக்கொண்டு பறக்கிறது. புதிதாகவும் பழைய தறிகளாகவும் இந்தியாவுக்கு இறக்குமதியான வகை இது.

அந்தத் துண்டை எறிவது ஒரு நேரான எஃகுத் தடி. ஒரு முனை தறியின் சட்டத்தில் இறுகப் பிடிக்கப்பட்டிருக்கும். மறுமுனையில் அடிக்கும் கை. தறி ஓடும்போது தடி சுமார் 30 டிகிரி முறுக்கப்பட்டுப் பூட்டப்படுகிறது. பூட்டை உருளை தட்டிவிட்டதும் தடி நிமிர்கிறது, துண்டு விநாடிக்குச் சுமார் 25 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. 40 கிராமை அந்த வேகத்துக்குக் கொண்டுவர வேண்டிய ஆற்றல் சுமார் 12.5 ஜூல். தடியில் மிச்சமாகும் ஆற்றலை எண்ணெய் பிரேக் விழுங்கிக்கொள்கிறது. அது இல்லையென்றால் தடி முன்னும் பின்னும் அதிர்ந்து விரைவில் சோர்ந்துவிடும்.

சுருள் இல்லாத இந்தத் தடியில் உலோகம் உண்மையிலேயே முறுக்கேறுகிறது. வளைவுக் கணக்கு இதற்குப் பொருந்தாது, கூலோம் சோதித்த அதே முறுக்கக் கணக்குதான் பொருந்தும். நிமிடத்துக்கு 300 ஊடை என்று வைத்தால் 20 மணி நேரத்தில் 3,60,000 முறுக்கு, 300 நாளில் 10 கோடிக்கு மேல். தையல் மெஷினின் மெல்லிய கம்பியும் தறியின் தடித்த தடியும் வருடத்துக்குக் கோடிக்கணக்கான தடவை இயங்குகின்றன. இரண்டையும் காப்பாற்றுவது ஒன்றுதான்: முறுக்கும் கோணத்தையும் மேற்பரப்பின் தரத்தையும் கண்டிப்போடு காப்பது. துணி அகலம் கூடியதற்காகவோ வேகம் கூட்டுவதற்காகவோ முறுக்குக் கோணத்தைக் கணக்கில்லாமல் ஏற்றினால் தடியின் ஆயுளைத்தான் அது தின்னும்.

திசை, தண்டு, கால்

அளவெல்லாம் சரியாக இருந்தும் ஸ்பிரிங் கெட்டுப்போக மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, சுற்றிய திசை. முறுக்கு ஸ்பிரிங்கைச் சுருள் இறுகும் பக்கமாகவே இயக்க வேண்டும். குளிர்ந்த கம்பியைச் சுற்றும்போது உள்ளே தங்கிவிடும் அழுத்தம் அந்தத் திசையில் உதவியாகவும் எதிர்த்திசையில் கேடாகவும் அமைகிறது. லீவரின் வலப்பக்கத்தில் இருந்த ஸ்பிரிங்கை இடப்பக்கத்தில் மாட்டினால் சுருள் விரியும் பக்கமாக வேலை செய்யும், சீக்கிரம் உடையும். வலச்சுற்றா இடச்சுற்றா என்பதைச் சொல்லாமல் ஸ்பிரிங் கேட்கக் கூடாது.

இரண்டாவது, உள்ளே போகும் தண்டு. சுருள் இறுகும்போது அதன் விட்டம் சுருங்குகிறது. நம் உதாரணத்தில் 5.5 மி.மீ. உள்விட்டம் 90 டிகிரி திரும்பியதும் சுமார் 5.2 மி.மீ. ஆகிவிடும். ஓய்வில் இருக்கும்போது 5.3 மி.மீ. தண்டு தாராளமாக நுழையும், இயங்கும்போது சுருள் அதைக் கவ்விக்கொள்ளும். அப்போது எல்லாச் சுற்றும் வேலை செய்யாது, ஓரிரண்டு சுற்றின் மேல் முழுச்சுமையும் விழும். சுருங்கிய உள்விட்டத்தில் சுமார் 90 சதவீதம் தண்டுக்குப் போதும். இங்கே அது 4.7 மி.மீ. லேத்தில் புதுத்தண்டு கடைந்து போடும்போது இந்தக் கணக்கு தவறுவது எளிது.

மூன்றாவது, கால். கால் சுருளைவிட்டுப் பிரியும் வளைவிலும், காலில் போட்ட கொக்கியின் மடிப்பிலும்தான் பல ஸ்பிரிங்குகள் உடைகின்றன. கூர்மையாக மடித்தால் அழுத்தம் அங்கே குவியும். டென்ஷன் பத்தவில்லை என்று நோஸ் பிளேயரால் காலைப் பிடித்து வளைத்தால் அந்த நேரத்துக்கு மெஷின் ஓடும். பிளேயரின் பல் பதிந்த கீறலிலிருந்து விரிசல் தொடங்கும். கோடித் தடவை வளையும் கம்பியில் நகக்கீறல் அளவு தழும்பும் உடைவுக்குப் போதுமான தொடக்கம்.

எந்த உலோகம், எந்த இடத்துக்கு

தையல் மெஷினுக்குள் எண்ணெய்ப் பூச்சு இருக்கும், சூடும் குறைவு. அங்கே இழுத்து வலுவேற்றிய கார்பன் எஃகுக் கம்பியே நல்ல தேர்வு. இந்தியத் தரநிலை ஐஎஸ் 4454 இந்த வகைக் கம்பிகளைத் தரம் பிரித்து இழுவலிமை வரையறுக்கிறது. பஞ்சுத் துகள் எண்ணெயோடு சேர்ந்து சுற்றுகளுக்கு நடுவில் அடைத்துக்கொள்வது பின்னலாடை யூனிட்டுக்கே உரிய தொல்லை. சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் சிறு இடைவெளி விட்டுச் சுற்றச் சொன்னால் உராய்வும் குறையும், துகளும் அடையாது.

சாயப்பட்டறைக்கு வந்தால் கதை மாறுகிறது. அங்கே உப்பும் ஈரமும் சூடும் சேர்ந்திருக்கின்றன. 2011-க்குப் பிறகு கழிவுநீரை வெளியே விடாமல் மீட்டெடுக்கும் முறை கட்டாயமானதால் செறிந்த உப்புநீரைக் கையாளும் வால்வுகளும் பம்ப்புகளும் பெருகியுள்ளன. கார்பன் எஃகு அங்கே துருப்பிடிக்கும். துருக்குழி ஒவ்வொன்றும் ஒரு விரிசலின் விதை. துருப்பிடிக்காத எஃகு வேண்டும். ஆனால் சாதாரண 304 வகையும் குளோரைடு மிகுந்த சூடான இடத்தில் அழுத்தத்தோடு இருந்தால் விரிசல் விடக்கூடும். 316 வகை குழி விழுவதை மேலும் தாங்கும். கடும் இடத்தில் ஸ்பிரிங்கை ஈரம் படாத உறைக்குள் வைப்பதே நல்ல வடிவமைப்பு. துருப்பிடிக்காத எஃகின் யங் குணகம் குறைவு என்பதால் அதே அளவில் சுற்றினால் விசை பத்து சதவீதம் வரை குறையலாம். உலோகத்தை மாற்றினால் அளவையும் மறுபடி கணக்கிட வேண்டும்.

துருவுக்கு மலிவான மாற்று துத்தநாக முலாம். மின்முலாம் பூசும்போது ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோகும். வலிமை மிகுந்த கம்பிக்கு இந்த ஆபத்து கூடுதல். முலாம் முடிந்ததும் சுமார் 200 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் சுட்டெடுத்தால் ஹைட்ரஜன் வெளியேறும். இந்தச் சூடேற்றம் நடந்ததா என்று கேட்காமல் முலாம் பூசிய ஸ்பிரிங்கை வாங்கினால், மாட்டிய சில மணி நேரத்தில், சுமை கூடாமலே உடைவதைப் பார்க்க நேரலாம்.

துணியை உலர்த்தி நிலைப்படுத்தும் ஸ்டென்டரின் சூடு 180 டிகிரியைத் தாண்டும். கார்பன் கம்பி சுமார் 120 டிகிரிக்கு மேல் நீண்ட நேரம் இருந்தால் விசையை இழக்கத் தொடங்கும். ஸ்பிரிங் உடையாது, ஆனால் தளர்ந்துவிடும். தளர்ந்ததற்குச் சூடு காரணமாயிருக்க, கம்பியைத் தடிப்பாக்குவது இங்கேயும் பயன் தராது.

சீட்டில் எழுத வேண்டியது

ஆக, ஸ்பிரிங் கடைக்கோ பட்டறைக்கோ போகும் சீட்டில் எழுத வேண்டியவை இவை: கம்பி விட்டம் நூறில் ஒரு மில்லிமீட்டர் துல்லியத்தில், சுருளின் வெளிவிட்டம், உள்ளே போகும் தண்டின் விட்டம், வேலை செய்யும் சுற்றுகள், வலமா இடமா, ஓய்வில் இரு கால்களுக்கும் இடையிலான கோணம், காலின் நீளம், மாட்டிய நிலையிலும் முழுவீச்சிலும் திரும்பும் கோணம், அந்த இரண்டிலும் வேண்டிய விசை, ஒரு நாளில் எத்தனை தடவை இயங்கும், சூடு, ஈரம், உப்பு.

விசையை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. ஸ்பிரிங்கைச் சரியான தண்டில் மாட்டி, காலின் முனையில் சிறிய டென்ஷன் காஜைக் கொக்கியிட்டுக் காலுக்குச் செங்குத்தாக இழுத்து, கோணமானியில் கோணத்தைப் பார்த்தால் போதும். இழுவிசையைத் தண்டின் மையத்திலிருந்து கொக்கி வரையான தூரத்தால் பெருக்கினால் திருப்புவிசை வந்துவிடும். புது ஸ்பிரிங் வரும்போது ஒரு முறை இப்படி அளந்து குறித்து வைத்தால், ஆறு மாதம் கழித்து தளர்ந்ததா இல்லையா என்பதற்கு ஆதாரம் கையில் இருக்கும்.

கோவையிலும் திருப்பூரிலும் கம்பி சுற்றத் தெரிந்த பட்டறைகளுக்குக் குறைவில்லை. மாதிரித் துண்டை மட்டும் பெறும் பட்டறைக்காரர் அந்த உருவத்தைத்தான் சுற்றித் தர முடியும். உடைந்த துண்டு ஏற்கெனவே தோற்றுப்போன ஒன்றாகவோ, யாரோ பிளேயரால் வளைத்ததாகவோ இருக்கலாம். அப்போது அதன் குறைகளையும் சேர்த்தே அவர் நகலெடுக்கிறார். கோணமும் தடவைக் கணக்கும் அவர் கைக்குப் போனால், தடித்த கம்பி கேட்டு வருபவரிடம் ஒரு சுற்றைக் கூட்டிக்கொள்ளச் சொல்லும் இடத்துக்கு அவர் வந்துவிடுவார். இறக்குமதிப் பாகம் கிடைக்காத பழைய மெஷினுக்கு உள்ளூரிலேயே நம்பகமான ஸ்பிரிங் கிடைக்க இதைவிடச் செலவு குறைந்த வழி வேறில்லை.